தேசிமரத்தடிக் கிணறு

சுஜானி நோர்வேயில் பனியைப் படிக்கிறாள் என்பது சல்லிக் கிராமம் முழுக்கத் தெரியும். பனியில் படிக்க என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. அவளுடைய தாய் கனகம்மாவுக்கும் விளங்கவில்லை. ஆனாலும் கோயிலிலும் மீன் வாங்கும் இடத்திலும் அவர் அதைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார்.

லீவில் வந்த மகள் பெரிய பெட்டியிலிருந்து உடுப்புக்குப் பதிலாகக் கம்பிச் சுருளையும், ஆணிமுனை வைத்த சின்னச் சின்னச் செம்மஞ்சள் கருவிகளையும் எடுத்து வெளியே வைத்தபோது கனகம்மாவே கொஞ்சம் பயந்துபோனார்.

"இதுகளைப் பாத்திட்டு நேவிக்காரர் வந்து கேட்கமாட்டாங்களே?"

"கிராமசேவகரிட்டச் சொல்லிப்போட்டன் அம்மா. கடற்கரையில செய்யேல்ல. ஆரின்ரயாவது வளவுக்குள்ளதான்."

அந்த வளவு யோகம்மாவுடையது. இரண்டு வேலி தள்ளி, கடலுக்கும் களப்பு நீர்ப்பரப்புக்கும் நடுவில் நீளமாகக் கிடந்த மணல்வளவு. யோகம்மாவின் புருசன் இராசதுரை கடற்தொழில் செய்பவர். யோகம்மா அந்த மணலிலேயே சாம்பலும் எருவும் போட்டுக் கத்தரியும் மிளகாயும் வைத்து, உப்புவெளி விருந்தினர் விடுதிகளுக்குக் கொடுத்து வந்தார். வளவின் பின்பக்கம் ஒரு தேசிமரம், எலுமிச்சை மரம், நின்றது. மணலில் தேசி வராது என்று சொன்னவர்களுக்கெல்லாம் காய் பிடுங்கிக் கொடுத்த மரம் அது.

கச்சான் காற்று அடித்து ஊரே காய்ந்து கிடந்த மாதம். யோகம்மாவின் கிணறு வழமைபோலச் சவர்பட்டு, லேசாக உப்புக் கரித்தது. குடிக்கப் பவுசர் லொறியில் வரும் தண்ணீர். மரக்கறிக்கு என்ன செய்வது என்று அவர் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சுஜானி படலையைத் திறந்துகொண்டு போய்க் கேட்டாள்.

"மாமி, உங்கட வளவில ஒரு நாள் வேலை செய்யட்டோ?"

"செய் பிள்ளை. கேட்கவும் வேணுமே?"

சுஜானி ஆராய்வது சாதாரணப் பனியை அல்ல. பனியாறுகளின் உச்சியில் ஒரு வருடம் விழுந்த பனி உருகி முடியாமல் அடுத்த வருடப் பனிக்குக் கீழே போகும். அதன்மேல் இன்னொரு வருடம். இப்படி நசுங்கி நசுங்கி, சீனிபோலக் குறுணிக் குறுணியாகி, கடைசியில் ஆழத்தில் கட்டி ஐஸாகிவிடும். பனியிலும் சேராத, ஐஸிலும் சேராத அந்த நடுப்படைக்கு ஃபிர்ன் என்று பெயர். சுஜானி அதைத் தமிழில் பழம்பனி என்று சொல்லிக்கொள்வாள். மேலே சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அதிர்வு கீழே இறங்கும். இளகிய படையில் மெதுவாகவும் இறுகிய படையில் வேகமாகவும் ஓடி, வளைந்து மறுபடி மேலே வரும். வரிசையாக ஊன்றிய கருவிகள் அது வந்து சேரும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரங்களை வைத்து, ஒரு குழியும் தோண்டாமல், எந்த ஆழத்தில் பழம்பனி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லலாம். சில இடங்களில் கோடையில் உருகிய நீர் பழம்பனிக்குள்ளேயே உறையாமல் தேங்கி நிற்கும். அங்கே அதிர்வு சட்டென்று வேகம் பிடிக்கும். அந்த நீரைத் தேடுவதுதான் அவளுடைய வேலை.

புதிதாக வந்த கருவிகளைப் பனியாற்றுக்குக் கொண்டுபோகுமுன் எங்காவது ஒருமுறை சோதிக்க வேண்டியிருந்தது. மணலும் மேலே இளகி, கீழே போகப் போக இறுகும். ஊருக்குத்தானே போகிறாய், அங்கேயே பார்த்துவிட்டு வா என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அன்று காலை யோகம்மாவின் வளவில் சுஜானி கருவிகளை ஊன்றி, காற்றின் இரைச்சல் படாமல் ஒவ்வொன்றையும் மணலால் மூடினாள். இரும்புத் தகட்டைக் கீழே வைத்துச் சம்மட்டியை ஓங்கிப் போட்டாள். வேலியோரம் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தவர்கள் வந்துவிட்டார்கள். நாலைந்து அடியில் சுஜானிக்கு மூச்சு வாங்கவே யோகம்மா சீலையைச் செருகிக்கொண்டு சம்மட்டியை வாங்கினார். அவருடைய அடி சுஜானியின் அடியைவிடக் கனமாக விழுந்தது. லப்டொப் திரையில் கோடுகள் துள்ளின.

"எங்க பிள்ளை, என்ன காட்டுது?"

சுஜானி காட்டினாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பனியைப் பற்றிச் சொன்னாள். பழம்பனி என்றதும் யோகம்மா சிரித்தார்.

"பழஞ்சோறு மாதிரியோ?"

"ஓம் மாமி, அப்பிடித்தான். சில இடத்தில அந்தப் பழஞ்சோத்துக்குள்ள தண்ணியும் நிக்கும். தோண்டாமலே நாங்கள் கண்டுபிடிச்சிருவம்."

சொல்லும்போது அவளுக்கு நன்றாகவே இருந்தது. நோர்வேயில் அவள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருக்கும் ஒருத்தி. கூட்டங்களில் அவள் வாய் திறப்பதற்குள் யாராவது வேறு விசயத்துக்குப் போய்விடுவார்கள். இங்கே ஒரு ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. தாய் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாருடைய முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இஞ்சயும் பாக்கலாமோ? எங்க தண்ணி நிக்குதெண்டு?" யோகம்மா கேட்டார்.

"பாக்கலாம். இந்தா, இந்தக் கோடு முறியுதெல்லே, அதுதான் தண்ணி. தேசிமரத்தடியில சரியான வடிவாக் காட்டுது. கீழ நல்ல ஆழத்துக்குப் போகுது."

யோகம்மா தேசிமரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நல்ல தண்ணியோ பிள்ளை?"

அந்தக் கேள்விக்குப் பதில் சுஜானிக்குத் தெரியும். நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் அதிர்வு ஓடும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிலத்துக்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கும் வேறொரு முறையில் உப்பைப் பிரித்தறியலாம்; இதில் முடியாது. தேசிமரத்தடியில் கோடு வடிவாக வந்ததற்குக் காரணம் தண்ணீரும் அல்ல. அந்த மூலையில் காற்று மறைப்பாக இருந்தது, அவ்வளவுதான். 'இந்தக் கருவிக்கு உப்புத் தெரியாது மாமி' என்று சொன்னால் போதும். சொன்னால் இவ்வளவு நேரம் பார்த்தது எதற்கு என்று யாராவது சிரிப்பார்கள். அம்மாவின் முகம் சுருங்கும்.

"நல்லாத்தான் தெரியுது மாமி," என்றாள் சுஜானி.

சொன்னது பொய்யல்ல. கோடு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் யோகம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகம் மலர்ந்ததிலேயே தெரிந்தது. சுஜானி குனிந்து கம்பியைச் சுருட்டத் தொடங்கினாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து இராசதுரை படலையடியில் வந்து நின்றார். சுஜானி பேராசிரியருடன் கணினியில் பேசிக்கொண்டிருந்தாள். பதிவுகள் அருமையாக வந்திருப்பதாக அவர் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒரு கதை. தேசிமரத்துக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?"

"ரெண்டு பக்கமும் ஒண்டுதான் அங்கிள்," என்றாள் அவள், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு.

"அப்ப மரம் நிக்கிற இடந்தான் நடு, என்ன?"

"ஓம், அப்பிடித்தான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஏதோ யோசிக்கிறார்கள், இந்த வெயிலுக்குள் யார் கிணறு வெட்டப் போகிறார்கள் என்று சுஜானி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

வார இறுதியில் நகரத்துக்குப் போய்ச் சிநேகிதி பிரசாந்தினியைக் கண்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாள். குசினியில் ஒரு கடகம் நிறையத் தேசிக்காய். பழுத்ததும் பிஞ்சும் கலந்து கிடந்தன.

"இது ஏனம்மா இவ்வளவு?"

"யோகம்மா தந்துவிட்டவா. மரத்தைத் தறிச்சாச்செல்லே. ஊருக்கெல்லாம் குடுக்கினம். போய்ப் பார், கிணறு முடியப்போகுது. எல்லாரும் உன்ர பேரைத்தான் சொல்லினம்."

பிஞ்சுகளில் இன்னும் பச்சை வாசம் அடித்தது. சுஜானி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தேசிமரம் நின்ற இடத்தில் மணல் குவிந்து கிடந்தது. முள்ளுக் கிளைகள் வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இராசதுரையும் அவருடன் கடலுக்குப் போகும் இருவரும் சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருந்தார்கள். பழைய கிணற்றைவிட இது ஆழம். "நல்ல ஆழத்துக்குப் போகுது" என்று சொன்னவள் அவள்தான். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலே மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கும், ஆழம் போகப் போக உப்புத்தான் என்பது அவள் முதலாம் வருடத்திலேயே படித்த பாடம்.

"அந்தா வந்திட்டாள்!" யோகம்மா கூவினார். உடம்பெல்லாம் மணல். முகத்தில் சந்தோசம். "உனக்காகத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரும் வாயில வைக்கேல்ல. முதல் தண்ணி நீதான் குடிக்கோணும்."

வாளி மேலே வந்தது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. யோகம்மா ஒரு பேணியை நன்றாகக் கழுவி, மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

சுஜானி வாங்கிக் குடித்தாள். சவர் அல்ல. உப்பு. நாக்கின் இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டன. அவள் அதைத் துப்பவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினாள்.

"எப்பிடி?"

"புதுக் கிணறுதானே மாமி. கொஞ்சம்... நல்லா இறைச்சால் மாறும்."

வாயிலிருந்து அது வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இறைக்க இறைக்கக் கீழேயிருந்து உப்பு இன்னும் மேலேறும். முதலில் சொன்னதை மழுப்பல் என்று சொல்லித் தப்பலாம். இதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

யோகம்மா அதே பேணியில் மொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் ஒருகணம் கோணி, திரும்பவும் பழையபடியானது. "ஓம், ஓம். பிள்ளை சொல்லுறது சரி. புதுசெல்லே. இறைப்பம்," என்றார்.

மோட்டர் பூட்டி மறுநாளிலிருந்து இறைத்தார்கள். சும்மா ஓட விட மனம் வராமல் யோகம்மா அந்தத் தண்ணீரைக் கத்தரிப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டார். அடுத்தநாள் இலை ஓரங்கள் கருகின. அதற்கடுத்த நாள் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. சுஜானி வேலிக்கு இப்பால் நின்று அதைப் பார்த்தாள். தாய் தேசிக்காய் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்த வாசம் வேலிவரை வந்தது.

கடைசியில் போனாள். இராசதுரை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். யோகம்மா கதிரையில் சும்மா இருந்தார். அவர் வேலையில்லாமல் இருந்து சுஜானி பார்த்ததே இல்லை.

"மாமி, இறைக்கிறதை நிப்பாட்டுங்கோ. அது மாறாது. என்ர கருவிக்கு உப்புத் தெரியாது. தண்ணி இருக்கெண்டு மட்டுந்தான் காட்டும். நல்லதோ சவரோ எண்டு சொல்ல ஏலாது."

யோகம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

"இது உனக்கு இப்பதான் தெரியுமோ?"

"இல்லை மாமி."

"நான் கேட்ட அண்டைக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"இறைச்சால் மாறுமெண்டு சொன்னியே, அண்டைக்கும்?"

சுஜானி ஓமென்று தலையாட்டினாள். இராசதுரை வலையைக் கீழே போட்டுவிட்டு, படலையைத் திறந்து கடற்கரைப் பக்கம் நடந்தார். அவர் ஏசியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"சரி," என்றார் யோகம்மா. "வெளியில சொல்லாத. கொம்மாவுக்கு ஊருக்குள்ள முகம் காட்ட ஏலாமப் போகும். நான் பாத்துக்கொள்ளுறன். நீ போ."

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது மறுநாள் பவுசர் வந்தபோது தெரிந்தது. ஒழுங்கையில் பெண்கள் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். யாரோ கிணற்றைப் பற்றிக் கேட்டதற்கு யோகம்மா சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளை காட்டினது ஒரு இடம். நாங்கள் வேர் கிடக்குதெண்டு கொஞ்சம் தள்ளித் தோண்டிப்போட்டம். அதுதான் பிழைச்சுப்போச்சு."

சுஜானிக்குக் காது சுட்டது. அவள் வாய் திறப்பதற்குள் கனகம்மா முந்திக்கொண்டார். இரண்டு நாளாக ஊர்க் கதையைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

"அதைத்தானே நானும் யோசிச்சன்! படிச்ச பிள்ளை, இஞ்சதான் எண்டு விரலை நீட்டிக் காட்டினவள். சொன்ன இடத்தில தோண்டாமல் தங்கட எண்ணத்துக்குத் தோண்டிப்போட்டு, இப்ப ஊரெல்லாம் என்ர பிள்ளையின்ர பேரெல்லே கெடுது? சொல்லுறதைக் கேட்கத் தெரியோணும் யோகம்மா!"

யோகம்மா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் 'ச்சொ' கொட்டினாள். அது யோகம்மாவைக் குற்றம் சாட்டிய ச்சொ.

"அம்மா, நிப்பாட்டுங்கோ," என்றாள் சுஜானி.

"நீ பேசாமல் இரு. உனக்கு இதுகளின்ர குணம் தெரியாது."

"மாமி சரியான இடத்திலதான் தோண்டினவா. நான் காட்டின இடந்தான். மரம் நிண்ட இடத்திலேயே. பிழை விட்டது நான்." குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பவுசர்க்காரரும் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கருவிக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி தெரியாது. மாமி கேட்கேக்க எனக்குத் தெரியும், அதில சொல்ல ஏலாதெண்டு. சொல்லாமல் விட்டனான். பிறகு உப்பெண்டு குடிச்சுப் பாத்துப்போட்டும் இறைக்கச் சொன்னனான். கத்தரி பட்டுப்போனதும் என்னாலதான்."

குழாயிலிருந்து தண்ணீர் யாருடைய வாளியிலோ நிரம்பி வழிந்து மணலில் ஓடியது. கனகம்மா வெறும் வாளிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வீட்டுக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று சுஜானி நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. யோகம்மாவின் முகத்தில் நன்றியும் இல்லை. அவர் முதன்முறையாகக் கோபத்துடன் அவளைப் பார்த்தார்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருந்தால் என்ர மரம் நிண்டிருக்கும்," என்றார். வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் தாய் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஊரில் யாரும் அவளை ஏசவில்லை. கண்டால் சிரித்தார்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். பனியைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கிணற்றை மூடத்தான் வேண்டும், பிள்ளைகள் விளையாடும் இடம் என்று இராசதுரை சொன்னதாகக் காற்றுவாக்கில் கேட்டது. வளையங்களைக் கழற்றி எடுத்த அன்று காலை சுஜானி ஒரு மண்வெட்டியோடு போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை. இராசதுரை அவளுக்கு ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்து மறுபக்கத்திலிருந்து மணலைத் தள்ளினார். யோகம்மா கூடையில் அள்ளிக் கொட்டினார். வெயில் ஏற ஏற மணல் சுட்டது. சுஜானியின் உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளமும் உடைந்தது. கை வலித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது; பிறகு அப்படி ஆறுதல்படுவதை நினைக்கவும் வெட்கமாக இருந்தது.

மூடி முடிந்தபோது யோகம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, ஒண்டு கேட்கிறன். தெரியாது எண்டு சொன்னால் நாங்கள் உன்னைக் குறைச்சு நினைப்பமெண்டோ நினைச்சனி?"

சுஜானி யோசித்தாள். இல்லை என்று சொன்னால் இன்னொரு பொய்.

"ஓம் மாமி."

"எங்களுக்குத் தெரியாத விசயம் எத்தினை இருக்கு. தெரியாதெண்டு நாங்கள் சொல்லுறம்தானே?"

சுஜானி பழைய கிணற்றடிக்குப் போய்க் கைகழுவ வாளியை எடுத்தாள்.

"அதில வேண்டாம். புண்ணில சவர் பட்டால் எரியும்," என்றார் யோகம்மா.

அவர் உள்ளே போய்ப் பவுசர்த் தண்ணீரில் ஒரு பேணி கொண்டுவந்து சரித்துப் பிடித்தார். "ம், நீட்டு," என்றார். சுஜானி இரண்டு கைகளையும் நீட்டினாள். தண்ணீர் குளிர்ச்சியாக விழுந்தது. தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.